சிதைந்த பாட்டுப்பெட்டியைச் செப்பனிடல்: வட்டுக்கோட்டை அனுபவமொன்றின் அடிப்படையிற் சில சிந்தனைகள்

1. தோற்றுவாய்

தமிழிலக்கிய வரலாற்றை ஆராய்வோர் ஏட்டுச் சுவடிகளையும் சாசனங்களையும் அச்சு நூல்களையும் தமது மூலாதாரங்களாகக் கொள்வர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியை ஆராய முற்படும்போது இவற்றோடு இசைத்தட்டும் ஒரு மூலாதாரமாகச் சேர்ந்துகொள்கின்றது. ஆயின் ஏட்டுக்கும் இசைத்தட்டுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. ஏட்டை வாசிப்பதற்குக் கண்ணும் பயிற்சியும் போதுமானவை. இசைத்தட்டை வாசிப்பதற்கோ கருவியொன்று வேண்டும். கருவி இல்லாதவிடத்து அது வெறும் அரக்குத் துண்டாகவே எஞ்சும். எனவே பழுதடைந்த கிராமபோன் ஒன்றைச் செப்பனிடுதலைப் பழம்பொருட் பிரியரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட முடியாது. அது ஆய்வு முறையியலின் ஒரு பகுதியாகும் என்பதே இக்கட்டுரையின் முதற் கருத்து.

இரண்டாவது கருத்து ஒன்றுண்டு. பொருளொன்றைக் கழற்றிப் பார்க்கும்போது அதனுள் உறைந்திருக்கும் சமூக உறவுகளும் கழன்று வெளிப்படுகின்றன. இதனை வட்டுக்கோட்டையில் இக்கட்டுரையாளரின் உறவினர் வீடொன்றிலே கிடைத்த பாட்டுப்பெட்டியைக் கொண்டு விளக்க முயல்வோம்.

2. பெட்டியின் வரலாறும் அதன் சமூகத் தளமும்

ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியினைத் தோமஸ் அல்வா எடிசன் 1877ஆம் ஆண்டிலே ஆக்கினார். அவர் பயன்படுத்தியது உருளை. 1887இல் எமில் பேர்லினர் தட்டையான வட்டினைப் பயன்படுத்தும் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். உருளையை ஒவ்வொன்றாகவே பதிய வேண்டியிருந்த நிலையில், வட்டையோ ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கிற் பிரதியெடுக்க முடிந்தது. ஏட்டுச் சுவடிக்கும் அச்சு நூலுக்குமிடையே உள்ள உறவினை இது நினைவூட்டும். கலை பண்டமாவதற்கு வேண்டிய தொழில்நுட்ப அடிப்படை வட்டினாலேயே கிடைத்தது எனலாம்.

1902ஆம் ஆண்டிலே பிரெட் கைஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் இப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பெற்று, அங்கே தட்டுக்களாக அழுத்தப்பெற்று மீண்டும் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1908ஆம் ஆண்டிலே கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை அமைந்தது. மூலப்பொருளும் கலைஞரின் குரலும் கீழைத்தேயத்தவை. உற்பத்திச் சாதனமும் இலாபமும் மேலைத்தேயத்தவை. குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் பொதுவிதி இங்கும் அமைந்திருத்தல் கண்கூடு.

மூலப்பொருள் பற்றிச் சிறிது கூறவேண்டும். பழைய தட்டுக்களைப் பிணைத்து நிற்பது அவலரக்கு. சோட்டா நாக்பூர் முதலிய பகுதிகளிலே புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசினை ஆதிவாசி மக்கள் சுரண்டியெடுப்பர். அது உருக்கித் தூய்மையாக்கப்பட்டு, கற்பொடியும் கரிப்பொடியும் பஞ்சிழையும் கலந்து தட்டாகின்றது. பாரதக் கூத்துப் பார்த்தவர்கள் அரக்கு மாளிகையை அறிவர். அரக்குத் தட்டைச் செய்தவரை அறிந்தவர் மிகச் சிலரே.

யாழ்ப்பாணத்துக்கு இப்பெட்டி வந்தது எவ்வாறு? நிலத்திலிருந்து கிடைத்த வருவாயைவிட, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய பணமே இங்குள்ள நடுத்தர வர்க்கத்தை உருவாக்கியது. இதனை மணியோடர்ப் பொருளாதாரம் என்பர். அந்த ஆங்கிலக் கல்விக்கு அடித்தளமிட்ட நிறுவனங்களுள் 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய செமினரி முதன்மையானது. அது 1855இல் மூடப்பட்டது. பின்னர் 1872இல் அவ்விடத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. நாம் ஆராயும் பெட்டி, மலாயாவில் இலிகிதராயிருந்து இளைப்பாறிய ஒருவரின் இரும்புப் பெட்டகங்களோடு வந்ததாகக் குடும்பத்தினர் கூறுவர். அது மூடியுடன் கூடிய, கையிலே தூக்கிச் செல்லத்தக்க வகையினது. வெளியே நீட்டி நிற்கும் பெருங்குழல் அதற்கில்லை. ஒலிக்குழல் பெட்டியின் உள்ளேயே மடிந்து அமைந்திருக்கும்.

திண்ணையில் அமர்ந்து கேட்டவர் யார், முற்றத்தில் நின்று கேட்டவர் யார், வேலிக்கு வெளியே நின்று கேட்டவர் யார் என்பதைச் சாதியமைப்புத் தீர்மானித்தது. ஆயினும் ஒலி வேலியை மதிப்பதில்லை. கோயிலின் உள்வீதிக்குள் அனுமதிக்கப்படாதவனும் நாதசுரத்தைத் தட்டிலே கேட்க முடிந்தது. இம்முரண்பாட்டை மறந்து, இசைத்தட்டை முதலாளித்துவத்தின் வெறும் சீரழிவு என்றோ மக்கள் விடுதலையின் கருவி என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுதல் வரட்டுவாதமாகும். லெனின் தமது உரைகளை 1919 முதல் 1921 வரை இசைத்தட்டுக்களிலே பதிவு செய்ய உடன்பட்டார் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

3. மூன்று நிமிடக் கலை

பத்து அங்குலத் தட்டின் ஒருபுறம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். இந்தக் கால அளவு கலையின் வடிவத்தைப் பாதித்தது. விரிவான ஆலாபனை சுருங்கியது. நாடகத்திலிருந்து பாடல் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டது. வட்டுக்கோட்டை மோடி எனத் தனிப்பெயர் பெற்ற கூத்து மரபினை உடைய ஊர் இது. விடிய விடிய ஆடப்பெறும் கூத்து மூன்று நிமிடத்துள் அடங்குமா? கம்பனியின் விற்பனைக் கணக்கினுள் கொட்டகை நாடகத்தின் பாடல் அடங்கியது. அண்ணாவியாரின் மத்தள அடி அடங்கவில்லை. பழைய தட்டுக்களை ஆராய்வோர் அவற்றில் ஒலிப்பதை மட்டுமன்றி, ஒலிக்காது விடுபட்டதையும் கவனித்தல் வேண்டும்.

அதேவேளை தட்டு காத்துத் தந்தவற்றையும் மறுக்கலாகாது. கே. பி. சுந்தராம்பாள் இலங்கையின் நாடக மேடைகளிற் பாடி நடித்தவர்; எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்ததும் இந்நாட்டிலேயே. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசெம்பரில், தமது இருபத்தேழாவது வயதிலே காலமானார். அவர் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுக்களினாலேயே. கொழும்பிலே 1920களின் முற்பகுதியில் வானொலிக்கான முதற் பரிசோதனைகள் நடைபெற்றபோது ஒலிபரப்பப்பட்டதும் கிராமபோன் இசையே. 1925இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது.

4. பழுதும் அதன் காரணமும்

1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினாற் பற்றறியும் கிடைப்பதில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. மின்சாரத்தை வேண்டாத பாட்டுப்பெட்டி அப்போது பரணிலிருந்து இறக்கப்பட்டுச் சிலகாலம் மீண்டும் பாடியது. ஒருநாள் உள்ளே பெரும் ஓசையெழுந்து நின்றுவிட்டது. அப்பொழுது கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவன், வீட்டு வேலைக்கென மலையகத்திலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த சிறுவன். அளவுக்கு மீறிச் சுற்றி உடைத்துவிட்டான் என்று அவனுக்கு அடி விழுந்தது; சில நாட்களில் வீட்டைவிட்டும் அனுப்பப்பட்டான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெட்டி அங்கேயே விடப்பட்டது. 1996இல் குடும்பத்தினர் திரும்பியபோது கூரை இல்லை. பெட்டி மழையில் நனைந்து, அடிப்பலகை கறையானுக்கு இரையாகியிருந்தது. "அந்தப் பெடியன் உடைச்ச பெட்டி" என்பதே அதன் பெயராக நிலைத்தது.

இதனைக் கழற்றும் பணியை மணிக்கூடு, தையல் இயந்திரம் முதலியவற்றைத் திருத்தும் முதியவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். நாம் உதவியாட்களாகவும் குறிப்பெடுப்போராகவும் இருந்தோம்.

பெட்டி இயங்கும் விதத்தை முதலில் நோக்குவோம். கைபிடியைச் சுற்றும்போது, உருளை வடிவான கூட்டினுள்ளே சுருட்டி வைக்கப்பட்டுள்ள நீண்ட உருக்கு நாடா இறுகுகின்றது. மனிதத் தசையின் வேலை அதில் அழுத்தசக்தியாகச் சேமிக்கப்படுகின்றது. சுருள்வில் விரியும்போது பற்சில்லுகள் வழியாகத் தட்டுமேடை சுழல்கின்றது. கட்டுப்பாடின்றி விட்டால் முதலில் மிக விரைவாகவும் பின்னர் தளர்ந்தும் சுழலும். இதனைச் சீராக்குவது கவர்னர். மெல்லிய தகட்டு விற்களிலே பொருத்திய மூன்று சிறு குண்டுகள், வேகம் மிகும்போது வெளிநோக்கி விலகி, ஒரு வட்டத் தகட்டை இழுத்துத் தோற்பட்டையோடு உராயச் செய்கின்றன, வேகம் தணிகின்றது. இவ்வாறு நிமிடத்துக்கு 78 சுற்று என்ற அளவு பேணப்படுகின்றது. தட்டின் வரிப்பள்ளத்திலே ஊசி அதிர, அவ்வதிர்வு நெம்புகோல் வழியாக மைக்கா அல்லது அலுமினிய மென்றகட்டை அடைந்து, ஒலிக்குழலினாற் பெருக்கப்படுகின்றது. தொடக்கம் முதல் முடிவு வரை மின்சாரம் எங்கும் இல்லை.

"வில்லை முழுக்க இறக்கிப்போட்டுத்தான் கைவைக்க வேணும், தம்பி, இல்லாட்டி விரல் போயிடும்" என்பதே முதியவரின் முதற் பாடம். அறுந்த வில்லிலும் எஞ்சிய இறுக்கம் இருக்கக்கூடும். கூட்டைத் திறந்தபோது, கிறீஸ் கறுத்து அரக்குப்போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாட்கள் ஊறவிட்டு, மரக்குச்சியாற் சுரண்டினோம். அப்போதுதான் முக்கியமான செய்தி வெளிப்பட்டது. அறுந்த இடத்தில் மட்டுமன்றி, வில்லின் வேறு இரண்டு இடங்களிலும் குறுக்குக் கீறல்கள் காணப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த துருக்குழிகள் இறுகிய கிறீசின் அடியிலே இருந்தன. அதாவது கிறீஸ் இறுகுவதற்கு முன்பே துரு பிடித்திருந்தது. வில் நீண்டகாலமாகவே நைந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான வில் முற்றாகச் சுற்றப்பட்டதும் கைபிடி நின்றுவிடும். சாதாரணமாகச் சுற்றுவதனால் அது அறுவதில்லை. எண்ணெய் வற்றி மடிப்புகள் ஒட்டிக்கொண்டு, திடீரெனத் துள்ளி விடுபடும்போதே நைந்த இடம் அறும். எவர் கைபிடித்திருந்தாலும் அந்த வில் அந்நாட்களில் அறுந்தேயிருக்கும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குடும்பத்தில் வழங்கிவந்த தீர்ப்பு இவ்வாறு தவறென்றாயிற்று. பராமரிக்கும் பொறுப்பு உடைமையாளருடையது, பழி உழைத்தவனுடையது. தொழிற்சாலை விபத்துக்களிலும் இதே தர்க்கம் செயற்படுவதை நாம் அறிவோம்.

5. செப்பனிடலின் நெறிமுறை

அறுந்தது வில்லின் உட்புற முனை. அம்முனையை மட்டும் சூடாக்கி மென்மையாக்கிப் புதுத் துளையிட்டு மாட்டுவது பழைய திருத்துவோர் கையாண்ட முறை. மேலும் இரு கீறல்கள் இருந்தமையால் இங்கு அது பயன்படவில்லை. அகலமும் தடிப்பும் ஒத்த மாற்று வில் ஒன்று தேடிப் பொருத்தப்பட்டது. பென்சிற் கரி எனப்படும் காரீயப்பொடி கலந்த கிறீஸ் இடப்பட்டது. கவர்னரின் காய்ந்த தோற்பட்டைக்குப் புதுத் தோல் வெட்டி எண்ணெயூட்டப்பட்டது.

ஒலிப்பெட்டியே மிகவும் நொய்மையான பகுதி. மென்றகட்டின் இருபுறமும் இருக்கும் இறப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருந்தன. இறப்பர் இறுகினால் மென்றகடு அதிராது. குரல் தகரத்தில் உரசுவதுபோல ஒலிக்கும். சைக்கிள் வால்வுக்கு இடும் மெல்லிய இறப்பர்க் குழாயை அளவாக வெட்டி வளையமாக்கினோம். நெம்புகோல் மென்றகட்டோடு சேருமிடத்திலே ஒரு துளி தேன்மெழுகு இடப்பட்டது. ஒலிப்பெட்டியின் பின்புறம் நாகக் கலப்புலோகத்தாலானது. இவ்வுலோகம் தூய்மைக் குறைவினாற் காலப்போக்கில் வீங்கி வெடிக்கும், ஒட்டவைத்தாலும் நிலைக்காது. அதற்கு மாற்றுப் பாகம் பொருத்தப்பட்டது.

இங்கேதான் நெறிமுறை பற்றிய வினா எழுகின்றது. எவ்வளவை மாற்றலாம்? வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) நமக்கு வழிகாட்டுகிறார். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த அவர், ஏடுகள் தொட்டவுடன் உதிரும் நிலையிலிருந்ததைத் தமது பதிப்புரையிலே வேதனையோடு விவரித்துள்ளார். நல்ல பதிப்பாசிரியன் சிதைந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பி மூலமென்று காட்டமாட்டான். சிதைவைச் சிதைவென்றே குறித்துக்காட்டுவான். பொறியைச் செப்பனிடுபவனுக்கும் இதுவே விதி. இயங்குவதற்கு இன்றியமையாதவற்றை மட்டும் மாற்றவேண்டும். மாற்றியதைப் பின்னால் வருபவர் மீட்டெடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கழற்றிய பாகத்தை எறியாது குறிப்போடு பேணவேண்டும். அடிப்பலகையிற் கறையான் அரித்த தடத்தை நாம் மறைக்கவில்லை. உளுத்த பகுதிக்கு உள்ளிருந்து சட்டமடித்துத் தாங்கினோம்.

இதற்கு நேர்மாறானது பழம்பொருட் சந்தையின் முறை. மும்பையின் சோர் பஜார் போன்ற இடங்களில், தூக்கிச் செல்லும் பெட்டிகளின் மோட்டாரைப் பிடுங்கி, புதிய பலகைப் பெட்டியிலே பொருத்தி, பளபளக்கும் பித்தளைக் குழலைச் சேர்த்துப் பழமை என விற்பர். அக்குழல் பெரும்பாலும் ஒலியியலுக்குப் பொருந்தாதது. உண்மையான பழமை அழிக்கப்பட்டுப் பழமையின் தோற்றம் விற்கப்படுகின்றது. பண்டவழிபாட்டுக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

6. தட்டை ஒலிக்கச் செய்தலா, காத்தலா?

மூடியின் உட்பையிலே ஐந்து தட்டுக்கள் இருந்தன. ஒன்றின் பெயர்ச்சீட்டைக் கறையான் தின்றிருந்தது. ஓரத்திலிருந்து நடுநோக்கி மயிரிழைக் கீறலும் இருந்தது. இத்தகைய தட்டுக்களைச் சாராயமோ மதுசாரமோ கொண்டு துடைக்கலாகாது. அரக்கு அதிற் கரைந்துவிடும். வடித்த நீரும் மென்மையான சவர்க்காரமுமே போதும். பெயர்ச்சீட்டு அழிந்தாலும், அதனருகே வரியற்ற பகுதியிற் பொறிக்கப்பட்ட பதிவெண் அழிவதில்லை. சுவடியின் இறுதிக் குறிப்பினைப்போல, பாடியவரையும் பதிந்த காலத்தையும் தேடுவதற்கு அதுவே துணை.

வீட்டின் மூத்தவர்கள் அந்தத் தட்டையே பெட்டியிற் கேட்க விரும்பினர். ஆயின் பழைய ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தோடு உருக்கு ஊசியை வரியில் அழுத்துகின்றது. தட்டிற் கலந்த கற்பொடி ஊசியைத் தேய்த்து வரிக்கேற்ப வடிவமைக்கும். ஆகையாலேயே ஒருபுறத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. பழைய ஊசியை மீண்டும் பயன்படுத்தினால் அது உளியாகி வரியைச் செதுக்கிவிடும். கீறல் விழுந்த தட்டு இத்தகைய பாரத்தைத் தாங்காது. அரிய தட்டை, சில கிராம் பாரமுள்ள மின் ஒலிச்சட்டத்தில், அகன்ற முனையுடைய ஊசி கொண்டு எண்ணிம முறையிற் பிரதி செய்வதே தக்கது. அவ்வாறே செய்தோம். நாடகப் பாடலொன்றைப் பாடும் பெண்குரல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டொலியோடு, வெளிப்பட்டது. பிற்பாடு, பரவலாகக் கிடைக்கும் இன்னொரு தட்டைப் பெட்டியில் வைத்து, தட்டின் கீழ் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு 78 முறை அது சுற்றிவருமாறு வேகத்தைச் சரிசெய்தோம். பெட்டி பாடியது.

வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுப்பகுதியில், பொறிவழிப் பிரதியாக்கம் கலைப்படைப்பின் ஒருமையை அழித்து அதனை மக்களிடம் கொணர்கின்றது என்று வாதிட்டார். இன்று ஒவ்வொரு தட்டின் கீறலும் தனித்தன்மை பெற்றுவிட்டது. பிரதியாகப் பிறந்தது வரலாற்றின் அடிபட்டு மூலமாக மாறியிருக்கின்றது. இவ்வியங்கியல் பெஞ்சமின் கருத்தை மறுக்கவில்லை; நிறைவு செய்கின்றது.

7. முடிவுரை

மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்திலே (1867), உழைப்புச் செயன்முறையில் ஈடுபடாத இயந்திரம் துருப்பிடித்து அழியும் என்றும், உயிருள்ள உழைப்பே அதனை உறக்கத்திலிருந்து எழுப்பவல்லது என்றும் விளக்குகிறார். செப்பனிடல் என்பது இதுவே. அரக்குச் சேகரித்தவர், தொழிற்சாலையில் தட்டை அழுத்தியவர், மேடையிற் பாடியவர் ஆகியோரின் உறைந்த உழைப்பை, மண்ணெண்ணெயில் விரல் கறுத்த ஒரு முதியவரின் உழைப்பு எழுப்பியது.

நமது பிரதேசத்தில் ஏடுகளும் நூல்களும் போரினால் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 2005 முதல் நூலகம் நிறுவனம் எழுத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகின்றது. ஒலி ஆவணங்களுக்கும் வலிகாமத்தின் வீடுதோறும் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். பெட்டியையும் தட்டையும் பதிவதோடு, அவற்றைச் சுற்றியவரும் திருத்தியவரும் வேலிக்கு வெளியே நின்று கேட்டவரும் கூறும் நினைவுகளையும் பதிதல் அவசியம். கருவி காத்திருக்கும், மனிதர் காத்திருப்பதில்லை. ஆகவே நினைவுகளுக்கே முதலிடம்.

நாம் செப்பனிட்ட பெட்டிக்கு விவர அட்டையொன்று எழுதியுள்ளோம். செய்த திருத்தங்களும் மாற்றிய பாகங்களும் அதில் நிரலிடப்பட்டுள்ளன. பழுதின் காரணம் என்ற இடத்தில் "கிறீஸ் வற்றியமை, துரு, உலோக நைவு, சுற்றியவரின் தவறன்று" என எழுதப்பட்டுள்ளது. வீட்டின் மூத்தவர் அதை இருமுறை வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.